யந்திரத்தின் பல் விழுந்தால் தொழிலாளியின் கூலியா?

இராமநாதபுரம் ஜில்லாவில் கண்மாய் தூர்வாரும் வேலை இன்று மண்வெட்டியையும் கூடையையும் மட்டும் நம்பி நடப்பதில்லை. கோடையில் தண்ணீர் வற்றியதும் பொக்லைனும் ஜே.சி.பி.யும் உள்ளே இறங்கிவிடுகின்றன. சீமைக்கருவேலின் தூரைப் பெயர்ப்பதும், இறுகிப்போன மண்ணைக் கிளறி எடுப்பதும் அவைதான். அவற்றை ஓட்டுகிறவர்களும் நம் ஏழை வீட்டுப் பிள்ளைகளே. அவர்களது பிரச்சினை ஒன்றைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

பொக்லைன் வாளியின் முன்விளிம்பில் வரிசையாகப் பற்கள் இருக்கின்றன. இவை வாளியோடு சேர்த்து வார்த்தவை அல்ல. விளிம்பில் பற்றவைத்த மூக்குப் போன்ற இரும்பின்மேல் உறைபோலப் பல்லைச் செருகி, குறுக்கே ஒரு பின் அடித்து, அந்தப் பின் நழுவாதபடி ஒரு பூட்டு வளையம் போட்டு நிறுத்துகிறார்கள். வாளி தேயாமல் தான் தேய்வதற்கென்றே செய்யப்பட்டது பல். தேய்ந்தால் கழற்றி வேறு போடவேண்டும். நூற்பு மெஷினில் டிராவலரை அவ்வப்போது மாற்றுவதை மில் தோழர்கள் அறிவார்கள். கலப்பையில் கொழு தேய்வதை விவசாயத் தொழிலாளர் அறிவார்கள். இதுவும் அதுபோன்றதே.

பல் ஏன் விழுகிறது? புதுப் பல் வாங்குகிற முதலாளி பழைய பின்னையும் பழைய பூட்டையுமே திரும்பப் போடச் சொல்வதால் விழுகிறது. மூக்கு தேய்ந்த பிறகும் அதன்மேல் புதுப் பல்லை மாட்டினால் பல் ஆடுகிறது. ஆட ஆடப் பின் தளர்ந்து, ஒருநாள் நழுவிவிடுகிறது. பல் சேற்றில் புதைந்துபோகிறது. அதைக் கவனிக்காமல் வேலையைத் தொடர்ந்தால் மூக்கும் தேய்ந்து, அடுத்த பல்லும் உட்காராது. மழுங்கிய பல்லால் மண்ணைக் குடைந்தால் டீசலும் வீணாகிறது.

இந்த நஷ்டம் யார் தலையில் விழுகிறது? "நீ முரட்டுத்தனமாக ஓட்டினாய், பல்லைத் தொலைத்தாய்" என்று டிரைவரின் சம்பளத்தில் கைவைக்கப் பார்க்கிறார்கள். நாம் கேட்கிறோம்: புதுப் பின் வாங்கித் தந்தது யார்? காலையில் பற்களைத் தட்டிப் பார்க்கக் கால் மணி நேரம் கொடுத்தது யார்? தேய்வதற்கென்றே செய்த பொருள் தேய்ந்தால் அது டிரைவரின் அஜாக்கிரதையா?

சட்டமும் இதை அனுமதிக்கவில்லை. தொழிலாளியின் பொறுப்பில் ஒப்படைத்த பொருள் அவனது அஜாக்கிரதையால் நேரடியாகச் சேதமானால்தான் பிடித்தம் செய்யலாம். அதுவும் அவன் பதில் சொல்ல வாய்ப்புக் கொடுத்த பிறகே. சேதத்தின் மதிப்புக்கு மேல் பிடிக்கக் கூடாது. ரிஜிஸ்டரில் எழுதவும் வேண்டும். 1936-ம் ஆண்டு சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தில் இருந்த இந்தப் பாதுகாப்பு, நாம் எதிர்த்துப் போராடும 2019-ம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. ஆனால் ரிஜிஸ்டரே இல்லாத கண்டிராக்டரிடம் தனி ஆளாக நின்று இதைச் சொல்ல முடியுமா?

கூலியைவிடப் பெரிய விஷயமும் உண்டு. பின்னை அடித்து இறக்குவது கிளீனர் பையனின் வேலையாகிறது. கடின எஃகின்மேல் சம்மட்டி விழும்போது சில்லுத் தெறித்தால் கண் போய்விடும். வாளியைத் தரையில் ஊன்றாமல், எஞ்சினை நிறுத்தாமல் அடியில் குனிந்தால் உயிரே போகும். ஒரு கண் போனால் சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு 40 பங்கு போயிற்று என்று 1923-ம் ஆண்டு நஷ்டஈட்டுச் சட்டத்தின் அட்டவணை கணக்கிட்டது. ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுத்தால் காப்பாற்றக்கூடிய கண் அது!

இரும்பு உடைந்தால் உண்மையான காரணத்தை விட்டு வேறெங்கோ கைகாட்டும் பழக்கம் கடலிலும் உண்டு. 2005 ஜூலை 2-ந் தேதி சேதுக் கால்வாய்த் திட்டம் துவக்கிவைக்கப்பட்டது. ஆதம் பாலத்தில் ஆழப்படுத்தும் வேலைக்கு வந்த அக்வாரியஸ் என்னும் தூர்வாரும் கப்பலின் ஊன்றுதூண் 2007-ம் ஆண்டுத் தொடக்கத்தில் உடைந்து கடலில் விழுந்தது. அத்தகைய கப்பல் பாறையைக் குடையும் தலையிலும் இதேபோல் கழற்றி மாட்டும் பற்களே இருக்கின்றன. தூண் உடைந்ததும் தெய்வக் குற்றம் என்று பேசியவர்கள் உண்டு. அலையும் பாறையும் தரும் பாரத்துக்கு இரும்பு உடையும். அதைச் சோதிப்பதும் மாற்றுவதும் மனிதன் வேலை. கண்மாயில் டிரைவர்மீது பழி, கடலில் தெய்வத்தின்மீது பழி! இரண்டிலும் தப்புவது கணக்குக் கேட்கும் கேள்விதான்.

கடன் வாங்கி ஒரே யந்திரம் வைத்திருக்கும் சிறு உடைமையாளர், தமக்குக் கட்டுப்படியாகாது என்பார். பின்னும் பூட்டும் பல்லின் விலையில் ஒரு சிறு பங்குதான். அதை மிச்சம் பிடிக்கப்போய் மூக்கையும் வாளியையும் இழப்பது அவருக்கே நஷ்டம். அவரது நெருக்கடிக்குக் காரணம் தவணை கேட்கும் கம்பெனியும் பாக்கி வைக்கும் பெரிய கண்டிராக்டரும். அவர்களிடம் அவர் வாதாடட்டும். கிளீனர் பையனின் கண்ணில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. புதுப் பல்லுக்குப் புதுப் பின்னும் புதுப் பூட்டும் வேண்டும். தினமும் யந்திரத்தைச் சோதிக்கும் நேரத்துக்குக் கூலி வேண்டும். சம்மட்டி பிடிக்கிறவனுக்குக் கண்ணாடி வேண்டும். பல் விழுந்ததற்காகச் சம்பளப் பிடித்தம் கூடாது. சர்க்கார் வேலைகளின் ஒப்பந்தங்களில் இவற்றை நிபந்தனையாக எழுத வேண்டும்.

மண்வெட்டி பிடித்த கையிலிருந்து வேலையைப் பறித்தவன் பொக்லைன் டிரைவர் அல்ல. கரையில் நிற்கும் விவசாயத் தொழிலாளியும் யந்திரத்தில் உட்கார்ந்திருக்கும் டிரைவரும் ஒரே சங்கத்தில் சேரட்டும். அப்போது கண்டிராக்டர் ரிஜிஸ்டரைத் திறந்துதான் தீரவேண்டும்.