பூனைப் பல்லுக்கு எக்ஸ்ரேவா? பில்லில் நான் அடிச்ச தப்பான வரி

"எந்த எஸ்டிமேட்டையும் வரிக்கு வரி படிங்க, தேவையில்லாததை அடிச்சிடுங்க"ன்னு நம்ம சேனல்ல அடிக்கடி சொல்லுவேன். அந்த அறிவுரை எனக்கே ஒரு தடவை செலவு வெச்சுது.

எங்க வீட்டுப் பூனைக்கு வாய் நாத்தம். மயக்க மருந்து கொடுத்து பல் சுத்தம் பண்ணணும்னு டாக்டர் சொன்னார். எஸ்டிமேட்ல 'பல் எக்ஸ்ரே' தனி வரி. பல்லுதான் கண்ணுக்கே தெரியுதே, இது எதுக்குன்னு வேண்டாம்னுட்டேன். எட்டு மாசத்துல பூனை ஒரு பக்கமாவே மெல்ல ஆரம்பிச்சுது, அப்புறம் சாப்பாட்டையே தொடல. திரும்பவும் ரத்தப் பரிசோதனை, திரும்பவும் மயக்கம். இந்தத் தடவை எக்ஸ்ரே எடுத்தாங்க. ஈறுக்குக் கீழே ஒரு பல்லோட வேர் கரைஞ்சிருந்தது. அத்தனை நாளும் அது வலியைத் தாங்கிட்டு இருந்திருக்கு. அதுதான் பணத்தைவிட உறுத்துது.

பல்லோட பெரும்பகுதி ஈறுக்கும் எலும்புக்கும் உள்ளேதான் இருக்கு. 1998-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் நாய், பூனைகளுக்கு வாய் முழுக்க எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாங்க. வெளியே குறையே தெரியாத பற்களில்கூட, சுமார் 28% நாய்களுக்கும் 42% பூனைகளுக்கும் சிகிச்சைக்கு முக்கியமான பிரச்சினை படத்தில் தெரிஞ்சுது. பூனைக்கு வேர் கரையும்போது, பல்லை வேரோடு எடுக்கணுமா, மேல்பகுதியை மட்டும் வெட்டினா போதுமான்னு முடிவு பண்றதும் எக்ஸ்ரேதான். சின்ன நாய்களுக்குத் தாடை எலும்பு அரிச்சிருந்தா, பல் பிடுங்கும்போது தாடையே உடையலாம். முன்னாடியே தெரிஞ்சா டாக்டர் கவனமா இருப்பார்.

இப்போ கணக்குக்கு வருவோம். நம்மள மாதிரி பூனை வாயைத் திறந்து அசையாம உட்காராது. எக்ஸ்ரேவுக்கும் மயக்கம் வேணும். சுத்தம் பண்ணும்போதே எடுத்தா ஒரே மயக்கச் செலவு. தள்ளிப்போட்டா அதே செலவு ரெண்டு தடவை. "மயக்கம் இல்லாமலே கம்மி விலைக்கு க்ளீனிங்"னு வர்ற ஆஃபரும் சிக்கனம் இல்லைங்க. பல் வெள்ளையாகும், ஈறுக்குள்ள இருக்கிற நோய் அப்படியே இருக்கும்.

அதனால என் கருத்து இதுதான்: எக்ஸ்ரேவைக் கூடுதல் செலவா பார்க்காதீங்க. தேதி வாங்கும்போதே மூணு கேள்வி கேளுங்க.

1. பல்லுக்கான எக்ஸ்ரே உங்ககிட்ட இருக்கா?
2. சொன்ன தொகையில் அது சேருமா?
3. பல் எடுக்க வேண்டி வந்தா அதிகபட்சம் எவ்வளவு ஆகும்?

பெட் இன்ஷூரன்ஸ் இருந்தா, பல் சிகிச்சை விலக்குப் பட்டியல்ல இருக்கான்னு பாருங்க. மாசம் 500 ரூபாய் தனி ஆர்.டி. போட்டா வருஷத்துக்கு 6,000 ரூபாய் முதல் சேரும். அவசர நிதியைத் தொட வேண்டிய தேவை குறையும். அப்பவும் பணம் பத்தலையா? டாக்டர்கிட்ட வெளிப்படையா சொல்லி, சந்தேகமான பற்களுக்காவது எடுக்க முடியுமான்னு கேளுங்க.

செலவைக் குறைக்கிறது நல்ல பழக்கம்தான். ஆனா எந்த வரியை அடிக்கிறோம்னு தெரிஞ்சு அடிக்கணும். உங்க வீட்டு வாலுக்கு இப்படி ஏதாவது செலவு வந்திருக்கா? கமென்ட்ல சொல்லுங்க.