பரிமாறும் பிள்ளைகள்



சென்ற கோடையில் ஒரு திருமணத்தை மந்திரிப்பதற்காகக் காரைக்குடிப் பக்கம் சென்றிருந்தேன். மறுநாள் நண்பர் ஒருவர், விருந்தினர் விடுதியாக மாற்றப்பட்ட பழைய நகரத்தார் மாளிகை ஒன்றிற்கு மதிய உணவுக்காக அழைத்துச் சென்றார். பர்மாத் தேக்கில் கடைந்த தூண்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. ஏறக்குறைய இருபது வயதுள்ள இளைஞன் ஒருவன், நுனி எங்கள் இடப்புறம் அமையுமாறு வாழையிலையை விரித்து, முறை தவறாமல் பரிமாறினான்.

அடுத்த வரிசையில் வெளியூர்க் கல்லூரி மாணவர் நால்வர் இருந்தனர். இலையைப் பல கோணங்களில் படம் பிடித்தனர். கருஞ்சிவப்பாக இருந்த இனிப்பைச் சுட்டி, "தம்பி, இது என்ன?" என்று ஒருவர் கேட்டார்.

"கவுனி அரிசி, அண்ணே. ஊறவைத்து வேகவைத்து, சர்க்கரையும் தேங்காயும் நெய்யும் சேர்ப்பார்கள். பர்மாவுக்குப் போன செட்டியார்கள் கொண்டுவந்தது என்று சொல்வார்கள்" என்றான்.

"சுவை எப்படி இருக்கும்?" என்று அவர் கேட்டபோது மட்டும் தயங்கினான். பிறகு மெல்லச் சொன்னான்: "நான் சாப்பிட்டதில்லை, அண்ணே. வேலை செய்கிறவர்களுக்குத் தனிச் சமையல்."

மாணவர்கள் எழுந்தபோது இலைகளில் பாதி உணவு எஞ்சியிருந்தது. அதை அந்த இளைஞனே எடுத்துச் சென்றான்.

இக்காட்சி இன்றுவரை என் மனத்தை விட்டு அகலவில்லை. இரு தரப்பினரும் ஒரே வயதினர். ஒரே மொழி பேசுவோர். அவ்வுணவு இருவருக்குமே பாட்டன் வழிச் சொத்து. ஒருவர் அதனைப் படமாக எடுத்துப் போகிறார். மற்றவர் அதன் பெயரை ஒப்பித்துப் பிழைக்கிறார். உண்மையில் அதனைப் பெற்றுக்கொண்டவர் யார்?

சுற்றுலாவை நான் குறை கூறவில்லை. செட்டிநாட்டு மாளிகைகள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும், பர்மா, இலங்கை, மலாயா ஆகிய நாடுகளில் ஈட்டிய பொருளால் எழுந்தவை. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபின் அச்செல்வத்தின் பெரும்பகுதி கைவிட்டுப் போயிற்று. பல வீடுகள் பூட்டப்பட்டன. சில இடிக்கப்பட்டு, தூணும் கதவும் விலைக்குச் சென்றன. எஞ்சியவற்றுள் சில, விடுதிகளாக மாறியதாலேயே பிழைத்தன. 2013இல் பனையோலைக் கொட்டானுக்கும், 2019இல் காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலக மரபிடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம் பெற்றன. இவற்றால் சுற்றுப்புறக் குடும்பங்கள் பலவற்றில் அடுப்பு எரிகிறது என்றால் நாம் மகிழவேண்டும்.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பாருங்கள். தேக்குத் தூண், கூரை ஒழுகாமல் காத்தால் நூறாண்டு நிற்கும். சமையற்கலை அவ்வாறு நிற்பதன்று. அது நாவிலும் கையிலும் வாழ்வது. குழம்பிற்குக் கல்பாசி எவ்வளவு, மராத்தி மொக்கு எத்தனை என்பதை மூத்த சமையற்காரர் தம் கைக்கணக்காகவே வைத்திருக்கிறார். சுவையே அறியாத இளைஞன் அக்கணக்கை எவ்வாறு கற்பான்? சில ஆண்டுகள் இலை எடுத்துவிட்டு, தொழில் எதுவும் கைவராமல் வேறு ஊருக்குப் பிழைப்புத் தேடிப் போவான். மூத்தவருக்குப்பின் அடுப்படியில் யார் இருப்பார்?

மனிதன் வேலைக்காக அல்ல, வேலையே மனிதனுக்காக என்பதைத் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், உழைப்பைக் குறித்து 1981இல் விடுத்த சுற்றுமடலில் விளக்கினார். கடைகளில் நாள் முழுதும் நிற்போருக்கு இருக்கை தரவேண்டும் எனத் தமிழகம் 2021இல் சட்டம் இயற்றியது. அமர ஓர் இருக்கை உரிமையானால், தான் பரிமாறும் உணவைத் தானும் உண்பது மிகையான கோரிக்கையா?

எனவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மகனோ மகளோ இத்தகைய விடுதிக்கு வேலைக்குச் சென்றால், சம்பளம் எவ்வளவு என்பதோடு நின்றுவிடாதீர்கள். பணி எத்தனை மணி நேரம், அங்கே என்ன உண்பாய், யாரிடம் எதைக் கற்பாய் என்றும் கேளுங்கள். விருந்தினராகச் செல்லும் பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள்: வேண்டிய அளவே கேட்டு வாங்கு, இலையை வீணாக்காதே, பரிமாறுகிறவரின் பெயரைக் கேட்டு, நன்றி சொல்லி எழு. இதற்கு முதற்பள்ளி வீடுதான். பாட்டியின் கைப்பக்குவத்தை மாதம் ஒரு முறையேனும் பிள்ளைகளோடு சேர்ந்து சமைத்து உண்ணுங்கள்.

விடைபெறும்போது விடுதி உரிமையாளரிடம் இதனைப் பணிவாகக் கூறினேன். அவர் சினக்கவில்லை. சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "இதுவரை யாரும் கேட்டதில்லை, சாமி" என்றார். அடுப்படிப் பக்கம் திரும்பி அவ்விளைஞனைப் பெயர் சொல்லி அழைத்தார்.

1980 முதல் ஆண்டுதோறும் செப்டம்பர் 27 உலகச் சுற்றுலா நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்நாளில் நீங்கள் எங்கேனும் விருந்துண்ண நேர்ந்தால், பரிமாறும் பிள்ளையிடம் ஒரு சொல் கேளுங்கள்: "நீ சாப்பிட்டாயா, தம்பி?"