விளக்குக்கு ஏன் இத்தனை எண்?

இறக்குமதி வியாபாரிகளிடம் ஒரு பேச்சு நிலைத்துவிட்டது. "எரிவதெல்லாம் விளக்குதானே? ஒரே சுங்க எண்ணில் அடக்காமல் ஏழெட்டு இடத்தில் பிரித்து வைத்திருப்பது, கஸ்டம்ஸ்காரர் இஷ்டத்துக்கு டூட்டி போடத்தான்." கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. அதன் ஒவ்வொரு பகுதியையும் தனியாக எடுத்துப் பார்த்தால் நிற்பது கொஞ்சம்தான்.

முதலாவது, "எரிவதெல்லாம் ஒன்றே" என்பது. சுங்க அட்டவணை வெளிச்சத்தை வகைப்படுத்துவதில்லை. துறைமுகத்தில் வந்து இறங்கும் பொருளை வகைப்படுத்துகிறது. பல்பு என்பது ஒளி பிறக்கும் இடம். அதன் தலைப்பு 8539. அந்தப் பல்பைத் தாங்கி, ஒளியைத் திருப்பி, சுவரிலோ கூரையிலோ நிற்கும் ஃபிட்டிங் வேறு பொருள், அதற்கு 9405. பல்பு தேய்ந்துபோகும், மாற்றுவோம். ஃபிட்டிங் வருடக்கணக்கில் அங்கேயே இருக்கும். 85ஆம் அத்தியாயத்தில் வரும் ஒளிமூலங்களை 94ஆம் அத்தியாயம் ஏற்காது என்று அதன் குறிப்பே சொல்லிவிடுகிறது. இந்தப் பிரிவு சுங்கத்துறை மட்டும் கண்டுபிடித்ததும் இல்லை. இந்தியத் தர நிர்ணயத்திலும் எல்.இ.டி. பல்புக்கு ஐ.எஸ். 16102, விளக்கு ஃபிட்டிங்குக்கு ஐ.எஸ். 10322 என்று தனித்தனியாகத்தான் இருக்கின்றன.

இரண்டாவது, "சந்தேகம் வந்தால் 9405 போட்டுவிடலாம், அதுதான் பொதுவான விளக்குத் தலைப்பு" என்பது. அந்தத் தலைப்பை முழுவதும் படித்தவர் இப்படிச் சொல்ல மாட்டார். வேறெங்கும் குறிப்பிடப்படாத விளக்குகளுக்கே அது இடம் தருகிறது. ஆகவே மற்ற வாசல்களைத் தட்டிப் பார்த்த பிறகுதான் அங்கே போக வேண்டும். பேட்டரியில் எரியும் கைவிளக்கான டார்ச் லைட் 8513. சைக்கிள், ஸ்கூட்டர், கார் முகப்பு விளக்குகள் 8512. ஆனால் ரயில் எஞ்சினின் முகப்பு விளக்கு 9405க்கே திரும்புகிறது. ஏனென்றால் 8512 சைக்கிளையும் மோட்டார் வாகனத்தையும் மட்டுமே சொல்கிறது. பண்டிகை அலங்காரத்துக்கான காகிதச் சீனக் கூண்டு விளக்கு 9505. கிறிஸ்துமஸ் மரத்தில் சுற்றும் சர விளக்கு மறுபடியும் 9405. விசித்திரமாகத் தோன்றினாலும், ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் காரணம் இருக்கிறது.

மூன்றாவது, "இன்வாய்ஸில் எல்.இ.டி. லைட் என்று இருக்கிறது, அது போதும்" என்பது. போதாது. வெறும் எல்.இ.டி. சில்லு 8541. சர்க்யூட், லென்ஸ், வெப்பம் தணிக்கும் தகடு போன்றவை சேர்ந்தும் ஹோல்டரில் மாட்டும் முனை இல்லாவிட்டால் அது மாட்யூல், 8539.51. அந்த முனை இருந்து, பழைய பல்பைப் போலவே எளிதில் கழற்றி மாட்ட முடிந்தால் எல்.இ.டி. பல்பு, 8539.52. கூடும் மூடியுமாகக் கம்பத்தில் ஏற்றத் தயாராக இருந்தால் தெருவிளக்கு, 9405. நான்கையும் விற்பவர் ஒரே பெயரில் எழுதலாம். பெயரை நம்பி எண் கொடுத்தால், பொருளைத் தீர்மானிப்பவர் விற்பவர் என்றாகிவிடும்.

நான்காவது, "எதனால் செய்ததோ அதன்படி எண்" என்பது. பித்தளைக் குத்துவிளக்கைப் பித்தளைச் சாமான் என்று எழுதுபவர்கள் உண்டு. புவிசார் குறியீடு பெற்ற நாச்சியார்கோவில் குத்துவிளக்கையே எடுத்துக்கொள்வோம். கப்பலேறும்போது அது எடைக்குப் போகும் உலோகம் அன்று, எண்ணெயில் எரியும் விளக்கு. உலோகப் பொருள்களுக்கான பதினைந்தாம் பிரிவின் குறிப்பு, விளக்குகள் அங்கே சேரா என்கிறது. ஆகவே மின்சாரமில்லா விளக்குகளுக்கான 9405.50.

ஐந்தாவது, "உதிரியாகக் கொண்டுவந்தால் எல்லாமே விளக்கின் பாகம்" என்பது. விளக்குக்கென்றே செய்த கண்ணாடிக் கூடு 9405.91க்குப் போகும், சரி. ஆனால் ஹோல்டரும் சுவிட்சும் 8536. டியூப் லைட்டுக்கான சோக் 8504. தனிப் பெயரும் தனித் தலைப்பும் உள்ளவை அதனதன் இடத்துக்கே போகும். இதற்கு மறுபக்கமும் உண்டு. பொருத்தினால் முழு விளக்காகும் எல்லாப் பாகங்களையும் ஒரே சரக்கில் பிரித்துப் போட்டுக் கொண்டுவந்தால், இரண்டாம் விளக்க விதிப்படி அது முழு விளக்கு. உதிரி என்று எழுதினாலும் தப்ப முடியாது.

கடைசியாக, "எல்லாம் அதிகாரி இஷ்டம்" என்பது. முதல் ஆறு இலக்கங்கள் பிரஸ்ஸல்ஸில் உள்ள உலகச் சுங்க அமைப்பு வகுத்தவை; 1988 முதல் நடைமுறையில் இருப்பவை. சென்னைத் துறைமுகத்தில் உட்கார்ந்து யாரும் அவற்றைத் திருத்த முடியாது. 2011 முதல் பில் ஆஃப் என்ட்ரியில் எண்ணை எழுதுபவரே இறக்குமதியாளர்தான். அதை மாற்ற நினைக்கும் துறையே காரணத்தை நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. சரக்கு வருமுன்னே முன்தீர்ப்பு கேட்கவும் சட்டத்தில் வழியிருக்கிறது. இவ்வளவையும் பயன்படுத்தாமல் இஷ்டம் என்று சொல்வது சோம்பல்.

வியாபாரிகளின் குறையில் உண்மையே இல்லை என்று சொல்ல முடியாது. எல்.இ.டி. பல்புகள் கடைகளை நிரப்பிய பிறகு, 2017 திருத்தத்தில்தான் 8539இல் அவற்றுக்குத் தனி எண் வந்தது. மாட்யூலையும் பல்பையும் பிரித்துச் சொல்ல 2022 வரை காத்திருக்க நேர்ந்தது. அந்த இடைக்காலத்தில் சிக்கியவர்களின் அலைச்சல் நிஜம். பக்கத்துப் பக்கத்து எண்களுக்கு வெவ்வேறு டூட்டி விகிதம் இருக்கும்போது வழக்கு வருவதும் இயல்பு. ஆனால் விகிதத்தை வைப்பது நிதி அமைச்சகமும் நாடாளுமன்றமும். ஒரே எண் கொடு என்று கேட்பதால் சில்லும் தெருவிளக்கும் ஒன்றாகிவிடாது. அடுத்தடுத்த தலைப்புகளுக்கு ஒரே விகிதம் வை என்று பட்ஜெட்டுக்கு முன் கேட்டால், எதிர்பார்த்த நிம்மதி அங்கே கிடைக்கும். அதற்கு எந்த எண்ணையும் அழிக்க வேண்டியதில்லை.