பாட்டி நட்ட முருங்கை

1876-இல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டு சென்றார். மறு ஆண்டே 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. பிரேசிலியர் பலர் இதைத் திருட்டு என்றே சொல்கின்றனர்.

அவற்றின் வழிவந்த மரங்களில் பால் வெட்ட நெகிரி செம்பிலானுக்கு வந்த நம் முன்னோர், லயன் வீட்டோரம் முருங்கையும் கறிவேப்பிலையும் வளர்த்தனர். விக்கமின் விதைகள் வரலாற்றில் ஏறிவிட்டன. பாட்டியின் முருங்கையை யார் எழுதுவது? லயன்கள் இடிபடும்போது அதுவும் சாய்கிறது.

இளையோரே, அடுத்த விடுமுறையில் தோட்டத்துக்குப் போனால் முருங்கைப் போத்து ஒன்றை வெட்டி வாருங்கள். யார் நட்டது, எப்போது நட்டது என்று கேட்டு எழுதியும் வாருங்கள். நம் வரலாற்றை நாமே எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்?