பிரிக்காத பெட்டி

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

சென்ற கோடை விடுமுறையில் என் அப்பாவுடன் ஒருவர் வீட்டிற்குச் சென்றிருந்தேன். அப்பா கார் மெக்கானிக். அந்த வீட்டுக் கூடத்துக் கண்ணாடி அலமாரியில் ஏழெட்டு அட்டைப் பெட்டிகள் இருந்தன. பாகங்களைப் பொருத்தி மாதிரிக் கார் செய்வதற்கான பெட்டிகள் அவை. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. “பிரித்தால் மதிப்புப் போய்விடும்” என்றார் வீட்டுக்காரர். வெளியே வந்ததும் அப்பா கேட்டார்: “உள்ளே என்ன இருக்குன்னு பார்க்காம இவங்களுக்கு எப்படிப்பா தூக்கம் வருது?”

அந்தக் கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம்.

மாதிரிக் கார் என்றால் பொம்மை என்று எண்ணிவிட வேண்டாம். மாதிரிகளில் பல, உண்மைக் காரின் நீளத்தில் 24-இல் ஒரு பங்கு. பெரிய மாதிரிகளோ 12-இல் ஒரு பங்கு, 8-இல் ஒரு பங்கு. 4.2 மீட்டர் நீளமுள்ள கார் முதல் அளவில் 17.5 செ.மீ.; 12-இல் ஒரு பங்கு என்றால் 35 செ.மீ. நீளம் இரு மடங்கானால் கன அளவு எட்டு மடங்காகும் என்பது நாம் படித்ததே. அந்த இடத்தில்தான் ஸ்பிரிங்கும் ஸ்டீயரிங் இணைப்பும் எஞ்சின் ஒயர்களும் குடியேறுகின்றன. இத்தாலியின் டூரின் நகரப் போச்சர் நிறுவனம் 8-இல் ஒரு பங்கு அளவில் வெளியிட்ட ரோல்ஸ் ராய்ஸ் மாதிரியில் 2,000-க்கும் மேற்பட்ட பாகங்கள்! அவர்களுடைய ஆல்ஃபா ரோமியோவின் சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கையால் கோக்க வேண்டும்.

ஜப்பானின் ஷிசுவோகாவில் 1946-இல் மர அறுவை ஆலையாகத் தொடங்கியது டாமியா நிறுவனம். 1976-இல் வந்த போர்ஷே 934 மாதிரிக்காக, ஷுன்சாகு டாமியா உண்மையான போர்ஷே காரையே வாங்கிக் கழற்றிப் பார்த்தார். பிரித்துப் பார்த்தவரின் அறிவு அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. அதைப் பிரிக்காமல் பூட்டி வைப்பது என்ன நியாயம்?

சேகரிப்போரை நான் இகழவில்லை. உற்பத்தி நின்றுபோன மாதிரிகள் அவர்களால்தான் இன்றும் கிடைக்கின்றன. பிரித்தால் விலை குறையும் என்பதும் மெய்யே. ஆனால் விலை பெட்டிக்கு. பயன் கைக்கு அல்லவா?

பூட்டிய அலமாரியை நான் முன்பே அறிவேன். நான் படித்த மேல்நிலைப் பள்ளியில், உடைந்துவிடும் என்று அஞ்சி, கருவிகளை வெளியே எடுக்கமாட்டார்கள். வெர்னியர் அளவியைச் செய்முறைத் தேர்வன்றுதான் முதன்முதலாகத் தொட்டேன். கை நடுங்கியது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். கியர் விகிதத்தைக் கணக்கிட எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்போடு நின்ற அப்பா, அதே கியர் பெட்டியை இருட்டிலும் பொருத்துவார். நான் கழற்றினால் மீண்டும் பொருத்தத் தெரியாது. என் பட்டம் பிரிக்காத பெட்டியாக நின்றுவிடுமோ என்ற அச்சம் எனக்கு உண்டு.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம். விலையுயர்ந்த மாதிரிகள் நமக்கு வேண்டாம். பழுதான ஸ்கூட்டர் எஞ்சின் ஒன்று போதும். அதைக் கழற்றிப் பூட்ட எங்களுக்கு இடமும் நேரமும் தாருங்கள். கற்றுத்தர ஆள் வேண்டுமே என்பீர்கள். அப்பாவைக் கேட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் வருவாராம்.