பெண் நிருபரைத் தனியாள்னு நினைக்காதீங்க!



2018 ஏப்ரலில் நடிகர் எஸ்.வி.சேகர் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவை முகநூலில் பகிர்ந்தார். 'படிக்காம பகிர்ந்துட்டேன்' என்றார். பத்திரிகையாளர்கள் விடவில்லை. ஒன்றாகத் திரண்டார்கள், போராடினார்கள், புகார் கொடுத்தார்கள். 2024 பிப்ரவரியில் ஒரு மாத சிறை, 15,000 ரூபாய் அபராதம். 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

அது சென்னை. சங்கம் இருக்கு, கூட்டம் சேரும். நம்ம ஓமலூரிலும் ராசிபுரத்திலும் செய்திக்கு இவ்வளவு என்று வாங்கும் பெண் நிருபருக்கு யார் இருக்கா? கேட்டா, "ஸ்ட்ரிங்கர் எங்க ஊழியரே இல்ல"ன்னு நிர்வாகம் கைகழுவும்.

பொய்! 2013 பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் தற்காலிக ஊழியருக்கும் பொருந்தும். சம்பளமே இல்லாம வேலை பார்த்தாலும் பொருந்தும். 10 பேர் வேலை செய்தாலே உள்ளகப் புகார் குழு கட்டாயம். அதுக்குக் கீழேன்னா மாவட்ட உள்ளூர் புகார் குழு இருக்கணும். புகார் கொடுக்க 3 மாதம் அவகாசம்.

சட்டம் தானா நடந்து வராது. கூட நிற்க ஆள் வேணும். அதுக்காகத்தான் 2002-லேயே இந்திய ஊடகப் பெண்கள் வலையமைப்பு உருவானது. சேலம், நாமக்கல் சகோதரிகளே, நீங்களும் கைகோருங்கள்!

தோழர்களே, ஒண்ணு நமக்கும். நம்ம தலைவரைக் கேள்வி கேட்ட பெண் நிருபரை கமெண்ட்ல அசிங்கமாத் திட்டுறது கட்சிப் பணி இல்ல. கேள்விக்குப் பதில் சொல்லுங்க. திட்டுறவன் நம்ம கொடியே பிடிச்சாலும் தட்டிக் கேளுங்க!