நட்சத்திரத்தை மறைத்துவிட்டுக் கோளைக் காட்டாதீர்கள்

திரும்பவும் அந்தப் படம் சுற்றத் தொடங்கிவிட்டது. நீலக் கடல், பச்சை நிலம், வானத்தில் பெரிய சிவப்புச் சூரியன். மேலே மஞ்சள் எழுத்தில் "இரண்டாவது பூமி கண்டுபிடிப்பு!". விஞ்ஞானம் படிப்பிக்கும் சேர்மாரே சுப்ஹானல்லாஹ் போட்டுப் பகிர்கிறார்கள். சுப்ஹானல்லாஹ் சொல்வதில் குறை இல்லை. ஆனால் அது புகைப்படம் அல்ல, ஒருவர் கற்பனையில் வரைந்த ஓவியம். அப்படி ஒரு கோளின் தரையை இதுவரை எந்தத் தொலைநோக்கியும் கண்டதில்லை.

எனக்குக் கோபம் ஓவியத்தில் அல்ல. அந்தப் பதிவுகளில் நட்சத்திரத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதில்தான். கோளைப் பற்றி நமக்குத் தெரிந்த அத்தனையும் அந்த நட்சத்திரத்தின் வெளிச்சத்தைப் படித்துத்தான் தெரியும்.

டிராப்பிஸ்ட்-1 ஐ எடுங்கள். ஏறத்தாழ 40 ஒளியாண்டு தூரம். சிவப்புக் குள்ளன் வகை. வியாழனைவிடக் கொஞ்சம்தான் பெரியது, சூரியனின் திணிவில் நூற்றில் 9 பங்கு. சிலியில் இருக்கும் 60 சென்ரிமீற்றர் தொலைநோக்கி ஒன்றால் பெல்ஜியத்தின் மிக்கேல் ஜில்லோன் குழுவினர் 2016 இல் இதைச் சுற்றும் கோள்களைக் கண்டார்கள். 2017 பெப்ரவரியில் மொத்தம் ஏழு என்று அறிவித்தார்கள். இவ்வளவு சின்னத் தொலைநோக்கிக்கு எப்படி அகப்பட்டது? நட்சத்திரம் சின்னது என்பதால்தான். பூமி சூரியனைக் கடந்தால் மறைவது 12,000 இல் ஒரு பங்கு வெளிச்சம். அதே பருமன் உள்ள கோள் டிராப்பிஸ்ட்-1 ஐக் கடந்தால் ஏறத்தாழ 170 இல் ஒரு பங்கு மறையும். சிறிய மங்கல் நட்சத்திரங்களை ஆராய்வதற்குப் பெரிய காரணம் இதுதான். நமது பால்வீதியில் பத்தில் ஏழு நட்சத்திரம் இந்த இனம் என்பது இன்னொன்று. ஆனாலும் வெறுங்கண்ணுக்கு ஒன்றுகூடத் தெரியாது. ஜூன் மாத முன்னிரவில் தெற்கே பாருங்கள், அல்ஃபா சென்ரோரி பளிச்சென்று நிற்கும். அதன் கூட்டாளி புரொக்சிமா, சூரியனுக்கு மிக அண்மையிலுள்ள நட்சத்திரம், அது தெரியாது.

இனி, பகிர்பவர்கள் சொல்லாத பகுதி. இந்தக் குள்ளர்கள் சாதுவானவர்கள் அல்லர். 2019 மே மாதம் புரொக்சிமா ஒரு தடவை வெடித்துச் சீறியபோது, புறஊதா வெளிச்சம் சில விநாடிகளில் 14,000 மடங்கு ஏறியது. குளிர் காய்வதற்குக் கோள் கிட்ட நிற்க வேண்டும், கிட்ட நின்றால் இந்தச் சீற்றத்தை வாங்க வேண்டும். டிராப்பிஸ்ட்-1 இன் ஏழு கோளும் புதன் சூரியனைச் சுற்றும் தூரத்துக்கும் உள்ளேதான் சுற்றுகின்றன. முதல் கோளான பி க்கு ஒரு வருடம் என்பது ஒன்றரை நாள். அதில் வளிமண்டலம் இருப்பதாக ஒரு தடயமும் இல்லை என்று ஜேம்ஸ் வெப் 2023 இல் அளந்து காட்டியது. இதற்கு யாரும் மஞ்சள் எழுத்தில் பதிவு போடவில்லை.

"பிள்ளைகளுக்கு ஆர்வம் வரட்டுமே, சேர்" என்பார்கள். கே2-18 என்ற இன்னொரு சிவப்புக் குள்ளனைப் பாருங்கள். 2019 இல் அதன் கோளில் நீராவி என்று உலகம் முழுக்கச் செய்தி. 2023 இல் வெப் பார்த்தபோது மெதேன் தெளிவாகத் தெரிந்தது. முன்பு நீராவியாக வாசிக்கப்பட்டது பெரும்பாலும் அதுதான். 2025 ஏப்ரலில் உயிரின் அடையாளமாகக்கூடிய வாயு என்றார்கள். அதே தரவை வேறு குழுக்கள் அலசி, ஆதாரம் போதாது என்றன. விஞ்ஞானத்தில் இது குற்றமே இல்லை, வேலை நடக்கும் விதமே அதுதான். ஆனால் மூன்று முறையும் "உறுதி" என்று கேட்டு வளர்ந்த பிள்ளை என்ன முடிவுக்கு வரும்? "விஞ்ஞானி மாத்தி மாத்திப் பேசுறான்." நாளைக்குத் தடுப்பூசி போடும் வரிசையிலும் அதையே சொல்லும். விஞ்ஞானிகள் "இருக்கலாம்" என்றுதான் சொன்னார்கள். அதை "உறுதி" ஆக்கியது நமது பகிர்வு.

அரிசி விலை தெரியாத வேலை இது என்று கருத்துப் போடுபவர்களுக்கு: ஆளுக்கு நாலு மணித்தியாலம் ஃபோனைத் தள்ளுவதற்கும் அரிசி கிடைப்பதில்லை.

சேர்மாரே, டீச்சர்மாரே, பிள்ளைகளிடம் ஒரு கேள்வியை மட்டும் போடுங்கள்: நீராவி தெரிந்தால், அது கோளுடையதா, நட்சத்திரத்துடையதா? சிரிக்க வேண்டாம். இந்த நட்சத்திரங்கள் அவ்வளவு குளிர்ந்தவை, அவற்றின் கரும்புள்ளிகளில் நீராவியே இருக்க முடியும். 2023 இல் ஜிஜே 486 என்ற சிவப்புக் குள்ளனின் கோளை ஆராய்ந்தவர்கள் இந்தக் கேள்வியில்தான் மாட்டிக்கொண்டார்கள். நீரின் தடயம் கிடைத்தது, யாருடையது என்று பிரிக்க முடியவில்லை.

இப்போது டிராப்பிஸ்ட்-1 இன் நாலாவது கோளான ஈ யில் செய்வதைப் பாருங்கள். 2025 செப்டெம்பரில் வந்த முதல் முடிவுகளின்படி, ஹைட்ரஜன் நிறைந்த தடித்த வளிமண்டலம் அதற்கு இருக்க வாய்ப்பில்லை. மெல்லிய வேறு வளிமண்டலம் உண்டா என்பது இன்னும் திறந்த கேள்வி. அதைப் பிரிக்க, பி யும் ஈ யும் அடுத்தடுத்து நட்சத்திரத்தைக் கடக்கும் நேரங்களாகத் தேடி அளக்கிறார்கள். வெறும் பாறை என்று கருதப்படும் பி கடக்கும்போது ஏதாவது வாயு தெரிந்தால், அது நட்சத்திரத்தின் கறை. அதை ஈ யின் கணக்கிலிருந்து கழிக்கிறார்கள். கழித்த பிறகு மிஞ்சுவதுதான் கோளுடையது. தரம் 9 பிள்ளைக்குக்கூட இதைக் கரும்பலகையில் பத்து நிமிடத்தில் விளங்கப்படுத்தலாம்.